நெடுமுடிக்கு ஆடுகள் போகலாம்

முட்டாது, கடிக்காது. பையை இறக்கி இந்தக் கட்டைச் சுவரில் வைத்துவிட்டு உட்காருங்கள். மேலே யானைகள் பாதையைக் கடக்கின்றனவாம், கூட்டத்தில் குட்டி இருக்கிறதாம். அவை கடந்து முடிக்கும்வரை வனத்துறைக்காரர்கள் இந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. யானைக்கு மனுக் கொடுக்க வழியிருந்தால் நான் என்றைக்கோ கொடுத்திருப்பேன்.

ஆமாம், ஆடுகள்தான். இங்கே காத்திருக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தச் சாமிக்கு நேர்ந்துவிட்டது என்று. அடுத்தது, உரித்தால் எவ்வளவு தேறும் என்று. நீங்கள் இரண்டையும் கேட்கவில்லை. ஒன்று நாகரிகம் தெரிந்தவராக இருக்க வேண்டும், அல்லது சைவமாக இருக்க வேண்டும்.

முதுகில் இருப்பது சேணம். இருபுறமும் தொங்கும் பைகளில் கூடாரம், அடுப்பு, அரிசி, தண்ணீர். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரியும், ஆடு படுத்துவிடும். ஆகவே புறப்படுமுன் இரண்டு பைகளையும் வில்தராசில் தொங்கவிட்டுச் சமன் பார்க்க வேண்டும். வேடிக்கை இல்லை. இமயமலையில் உப்பும் தானியமும் ஆட்டு முதுகில்தான் கணவாய் தாண்டிப் போயிருக்கின்றன. இங்கேதான் கண்டால் சிரிப்பு வருகிறது.

பெரியவன் பெயர் தாசில்தார். காலை பத்து மணிக்கு முன்பு அசைய மாட்டான். சின்னவன் டவாலி. தாசில்தார் போகுமிடத்துக்குப் பின்னாலேயே போவான், தனக்கென்று கருத்துக் கிடையாது. பெயர் வைத்தது நானல்ல, என் கணவர் தணிகாசலம். நில அளவையராக இருந்தவர். பணிக்காலம் முழுவதும் வயல்வயலாகச் சங்கிலி பிடித்து நடந்தவருக்குத் தாசில்தார்களிடம் பழைய மனத்தாங்கல் இருந்தது. ஆட்டிடம் தீர்த்துக்கொண்டார்.

அவர் இப்போது இல்லை. மாசியில் இறந்துவிட்டார். வருத்தம் தெரிவிக்க வேண்டாம், அதற்காகச் சொல்லவில்லை. நான் சொல்லப்போவதில் அவர் பெயர் அடிக்கடி வரும். நடுவில் நீங்கள் "சார் வரவில்லையா" என்று கேட்டுச் சங்கடப்படுவீர்கள். அதைத் தவிர்க்கத்தான்.

பெயர் சொல்லித்தான் அழைப்பேன், ஆமாம். திருமணமான நாளிலிருந்து. என் நாத்தனாருக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை. இப்போது அவளுக்கு வேறு குறை கிடைத்திருக்கிறது. சாவு வீட்டில் நான் அழவில்லையாம், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மைதான். வரவில்லை. வராத ஒன்றை வரவழைக்க நான் பயிலவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உறங்குகிறேன், சாப்பிடுகிறேன். சாம்பாரும் ரசமும் ஒரே ருசியாக இருக்கின்றன. இந்த ஆண்டு அரிசி சரியில்லை.

எதைச் சொல்ல வந்தேன்? அநியாயத்தை.

இந்த நெடுமுடிப் பூங்காவில் தேன்பாறை என்றோர் இடம் இருக்கிறது. புல்மேட்டின் உச்சியில் அகலமான கற்பாறை. அங்கே நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் கிடக்கும். திருமணமான அடுத்த தை மாதம் நாங்கள் முதன்முதலில் ஏறினோம். பிறகு ஒவ்வொரு தையிலும். அரைப்பகல் ஏற்றம், ஓர் இரவு தங்கல். அவர் அங்கே நின்று கீழே தெரியும் ஒவ்வொரு கண்மாயையும் பெயர் சொல்லி அழைப்பார். ஏதோ கண்மாய்கள் திரும்பிப் பார்க்கப்போவது போல. எனக்கு அங்கே பிடித்தது தேநீர்.

போன ஆண்டு சித்திரையில் அவருக்குக் கால் தடுக்கத் தொடங்கியது. நரம்பு நோய் என்றார் மதுரை மருத்துவர். கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல் கேட்காமல் போகும். இப்போதைக்கு நின்று நின்று நடக்கலாம், ஆனால் எதையும் தூக்கக்கூடாது, அடுத்த ஆண்டைப் பற்றித் தம்மால் எதுவும் சொல்ல இயலாது என்றார். பேருந்தில் திரும்பி வரும்போது தணிகாசலம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கால் நிக்கிறதுக்குள்ள இன்னொரு தடவ தேன்பாறைக்குப் போயிட்டு வந்துரணும் அரசி."

என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அவருக்கு மட்டும் அரசி.

போகலாம் என்றேன். ஆனால் எப்படி? அவரால் தூக்க இயலாது. இருவர் சுமையையும் என்னால் தூக்க இயலாது. நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அதோ, தேநீர்க்கடை வாசலில் குந்தியிருக்கிறார்களே, அவர்கள் இந்தப் பூங்காவின் பதிவுபெற்ற சுமைக்காரர்கள். கூப்பிட்டால் ஓடி வருவார்கள். ஆனால் நான் கூப்பிட மாட்டேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்தவள் நான். என் முனைவர் பட்ட ஆய்வே இந்த மலைகளில் மனிதனை மனிதன் சுமந்ததைப் பற்றியது. வெள்ளைக்காரத் துரைகளையும் அவர்களுடைய சீமாட்டிகளையும் நாற்காலியில் வைத்து, நாலு பேர் தோளில் ஏற்றி, மழையில் வழுக்கி வழுக்கி மேலே கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்களுக்குப் பெயர் கூடக் கிடையாது. அதை எழுதிப் பட்டம் வாங்கியவள், ஓய்வூதியம் வாங்குகிற வயதில் ஒருவன் தலையில் என் மூட்டையை ஏற்றுவதா? மனிதன் முதுகு மனிதனுக்கு வாகனமல்ல. ஆய்வேட்டின் கடைசி வாக்கியம் அது.

ஆகவே ஆடு.

வாரச்சந்தையில் நன்றாக வளர்ந்த, காயடித்த இரண்டு கிடாய்களாகப் பார்த்து வாங்கினோம். கூடாரம் தைக்கிறவரிடம் சேணம் தைத்தோம். கம்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரை. அதில் தினமும் மாலையில் தணிகாசலம் அவற்றைப் பழக்கினார். முதலில் வெறும் சேணம், பிறகு வைக்கோல் அடைத்த பை, பிறகு மணல். வேடிக்கை பார்க்கிறவர்கள் "சார், கிடாவுக்கு என்ன சம்பளம்?" என்பார்கள். "அரசு ஊழியருங்கய்யா, கிரேடு சம்பளம்" என்பார். அந்த மாலைகளில் அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். நான் உள்ளே மனுக்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

ஏனென்றால் ஆடியில் இதே கதவில் எங்களைத் தடுத்துவிட்டார்கள்.

"ஆடு மேய்க்கக் கூடாதும்மா, பூங்கா சட்டம்" என்றார் காவலர்.

"மேய்க்கவில்லை. சுமக்கிறது."

"ஆடு வந்தா மேயும்மா."

"நீங்கள் உள்ளே போனால் மரம் வெட்டுவீர்கள் என்று நான் சொல்கிறேனா?"

அது கொஞ்சம் கடுமைதான். ஆனால் வாதம் சரி.

காவலர் ஒதுங்கிவிட்டார், சுமைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் போல ஒருவன், சடையாண்டி. அதோ, சிவப்புத் துண்டு, பீடியை அணைத்துக் காதில் செருகுகிறானே, அவன்தான். ஆடுகளைச் சுற்றி வந்தான், கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது போல.

"நல்லாத்தான்மா இருக்கு. போட்டோவுக்கு அம்சமா இருக்கும். ஆடு பொட்டி தூக்குனா நாங்க ஆறு பேரு எதத் தூக்குறது? ஆட்டையா?"

எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தார்.

நான் பொறுமையாக விளக்கினேன். "நீங்கள் எவருடைய மூட்டையையும் தூக்கக்கூடாது என்பதற்காகத்தான் நான் இதைச் செய்கிறேன்."

"யாரும்மா உங்களக் கேட்டா?" என்றான்.

விழிப்புணர்வு போதாது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தணிகாசலம் மெதுவாகச் சொன்னார். "அரசி, இந்த ஒரு தடவ சடையாண்டியே தூக்கிட்டு வரட்டுமே. நாம பாட்டுக்குப் போயிட்டு வந்துருவோம். ஆட்டுக்கு அப்பறமா அனுமதி வாங்கிக்கலாம்."

"வகுப்பில் ஒன்று, மலையில் ஒன்றா?" என்றேன்.

"சரி" என்றார்.

அவர் எதற்கும் சரி என்பார். சரி என்றால் சரி என்றுதான் பொருள். அப்படித்தான் நாங்கள் இத்தனை காலம் குடும்பம் நடத்தினோம், சண்டையே கிடையாது.

பிறகு ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. மாவட்ட வன அலுவலர் ஓர் இளம்பெண். சிரித்த முகம், அதற்காக ஏமாந்துவிடக் கூடாது. அவர் சொன்ன மறுப்பு மட்டும் மதிப்புள்ளது. மேலே புல்மேட்டில் வரையாடுகள் இருக்கின்றன. ஊர் ஆட்டிடமிருந்து ஆட்டுக்கொல்லி நோய் பரவினால் மந்தையே போய்விடும் என்றார். நியாயம். தடுப்பூசி போட்டேன், கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கினேன். மேயாதிருக்க வாய்க்கூடை மாட்டுவேன் என்று எழுதிக் கொடுத்தேன். புழுக்கையைக் கூடப் பொறுக்கி எடுத்து வருவேன் என்றேன். அவர் தம்முடைய மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் சென்னையில் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் சுமைக்காரர்களும் ஒரு மனுப் போட்டார்கள். நான் அதற்குப் பதில் மனுப் போட்டேன்.

ஐப்பசியில் தணிகாசலம் கைத்தடி வாங்கினார். கார்த்திகையில் இரண்டாவது கைத்தடி. வாய்க்கால் கரையில் ஆடுகளைப் பழக்குவது குறைந்து, வாசல்வரை கூட்டிப் போய் வருவதாக ஆயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"நம்ம மனு எந்த மேசையில இருக்கு?"

"இணைச் செயலாளர் மேசையில்."

"அவருக்குக் கால் நல்லாருக்கா?"

நகைச்சுவை உணர்வு கடைசிவரை இருந்தது அவருக்கு. அதை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

மார்கழியில் சென்னைக்கு நேர்விசாரணைக்கு அழைத்தார்கள். அவரைத் தனியே விட்டுப் போகத் தயங்கினேன். "போயிட்டு வா. எனக்குத் தாசில்தாரப் பாத்துக்கிற வேல இருக்கு" என்றார். நான்கைந்து நாள் தங்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார், முகத்தில் நல்ல வெயில் பட்ட கறுப்பு. "திண்ணையில் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தீர்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். நான் விசாரணையில் பேசியதை முழுவதும் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். "ஜெயிச்சுருவ" என்றார்.

மாசியில் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, போய்விட்டார்.

பங்குனியில் ஆணை வந்தது. நெடுமுடிப் பூங்காவுக்குள் சுமையாடுகள் போகலாம். தடுப்பூசி, வாய்க்கூடை, ஆட்டுக்கு ஒரு கயிறு. இன்னொரு நிபந்தனை, ஆடு கொண்டுபோகும் ஒவ்வொரு குழுவுடனும் பதிவுபெற்ற சுமைக்காரர் ஒருவர் வழித்துணையாக முழுக் கூலியில் வர வேண்டும். சுமைக்காரர்கள் மனுவின் பலன் அது. போகட்டும், வெறுங்கையோடு நடப்பதற்குக் கூலி. கொள்கைக்கு முரணில்லை. மாநிலத்திலேயே முதல் ஆணை என்று வன அலுவலர் கை குலுக்கினார். ஒரு பத்திரிகைக்காரர் வந்து தாசில்தாரைப் படம் பிடித்தார். நான் வென்றேன். அதில் ஐயத்துக்கு இடமில்லை. சுமப்பதற்கு ஒருவருடைய சாமான்கள் மட்டுமே இருந்தன, அவ்வளவுதான் வேறுபாடு. ஓர் ஆடே போதும். ஆனால் தாசில்தார் இல்லாமல் டவாலி வர மாட்டான், டவாலி பின்னால் வராவிட்டால் தாசில்தார் நடக்க மாட்டான். இரண்டையும் கூட்டி வந்தேன்.

அந்த முதல் ஏற்றத்தில் வழித்துணையாக வந்தவன் சடையாண்டி. முறைப்படி அன்று அவன் வரிசை. கையை வீசிக்கொண்டு நடந்தான்.

"என்னமோ துணியில்லாம நடக்குற மாதிரி இருக்கும்மா" என்றான்.

"பழகிக்கொள்ளுங்கள்" என்றேன். "விடுதலை முதலில் அப்படித்தான் இருக்கும்."

பாதி வழியில் ஓர் ஓடை. ஆட்டுக்குத் தண்ணீர் ஆகாது, தெரியும்தானே? தாசில்தாரை நான் எப்படியோ இழுத்துக் கடத்திவிட்டேன். டவாலி கால் நனைக்க மறுத்து, நடுங்கிக்கொண்டு நின்றான். நான் அவனிடம் பேசிப் பார்த்தேன். சடையாண்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, டவாலியைச் சேணத்தோடும் பையோடும் தோளில் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டான்.

"அன்னைக்கே கேட்டேனேம்மா, ஆட்டையா தூக்குறதுன்னு!"

கத்திச் சிரித்தான். அவசரநிலை. ஆணையில் அதற்கு இடமில்லை, ஆனால் தடையும் இல்லை.

"கனமாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன்.

"இதென்னம்மா கனம்? ஐயாவத் தூக்குனதுக்கு இது கால்வாசி வருமா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஓடை நடுவில் ஆட்டோடு அப்படியே நின்றான். டவாலி ஒருமுறை கத்தினான்.

"எந்த ஐயா?" என்றேன்.

பதில் எனக்குத் தெரியும். விசாரணையில் தெரிந்ததையும் கேட்க வேண்டும்.

அக்கரைக்கு வந்து ஆட்டை இறக்கினான், துண்டால் முகத்தைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். மேலே போய்ச் சொல்கிறேன் என்றான். தேன்பாறைக்கு ஏறினோம். அங்கே ஒரு கல்லைக் காட்டினான். "இதுலதான்மா உக்காந்தாரு."

நான் சென்னையில் இணைச் செயலாளர் முன் நின்று வாதாடிய அதே நாட்களில், தணிகாசலம் ஆடுகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு ஜீப் பிடித்து இங்கே வந்திருக்கிறார். சடையாண்டியைக் கூப்பிட்டிருக்கிறார். மூட்டை தூக்க அல்ல, மூட்டையே கிடையாது. ஒரு தண்ணீர்க் குப்பி, ஒரு பொட்டலம் முறுக்கு. ஓடைவரை இரண்டு கைத்தடியோடு நடந்திருக்கிறார். அதற்கு மேல் கால் வரவில்லை. திரும்பிவிடலாமா என்று இவன் கேட்டிருக்கிறான். அவர் மலையைப் பார்த்தாராம், இவனைப் பார்த்தாராம்.

"புள்ள மாதிரி முதுகுல ஏறிக்கிட்டாரும்மா. சிரிப்பு தாங்கல அவருக்கு. காலு ரெண்டும் தொங்குது, இவரு பாட்டுக்கு 'எட்டு வச்சுப் போ, குதிர'ங்குறாரு."

ஓடையிலிருந்து தேன்பாறைவரை. என் கணவர். ஒரு மனிதனின் முதுகில். நாற்காலி கூட இல்லாமல். என் ஆய்வேடு அவருக்கு வரிக்கு வரி தெரியும். கையெழுத்துப் படியைத் திருத்தியவரே அவர்தான்.

மேலே வந்து கண்மாய்களைப் பெயர் சொல்லி அழைத்தாராம். முறுக்கைப் பாதி இவனுக்குக் கொடுத்தாராம். பிறகு இவனிடம் சத்தியம் வாங்கினாராம்.

"அம்மாகிட்டச் சொல்லிராத சடையாண்டி. அவ ஜெயிச்சு என்னைக் கூட்டிட்டு வருவா. அப்ப நான் புதுசாப் பாக்குற மாதிரிப் பாக்கணும்."

பார்க்கிற மாதிரிப் பழகியும் பார்த்தாராம். இறங்கும் பாதைக்குப் போய்த் திரும்பி வந்து, இவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "அடடா!" என்று சொல்லிப் பார்த்தாராம். நல்லாருக்கா என்று இவனிடம் கேட்டாராம். இன்னொரு முறை செய்தாராம்.

நான் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். தேநீர் போட்டேன். எதுவும் தோன்றவில்லை. நாத்தனார் இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாள். தேநீரில் சர்க்கரை போடவில்லை என்று சடையாண்டி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

கீழே இறங்கியதும் நான் செய்ய வேண்டியதைச் செய்யத் தீர்மானித்தேன். இந்தப் பூங்காவில் மனிதனை மனிதன் தூக்கிச் செல்வதைத் தடைசெய்ய வேண்டும் என்று ஒரு முறையீடு. கொள்கை என்றால் என் வீட்டுக்கும் சேர்த்துத்தான். அதற்கு நடந்ததை ஐயந்திரிபறப் பதிவு செய்ய வேண்டும், அதற்குச் சாட்சி இவன் ஒருவன்தான். ஆகவே வாரந்தோறும் வருகிறேன், வழித்துணைக்கு அவனையே கேட்டு வாங்குகிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கல்லருகே உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்கிறேன். அவன் சலித்துக்கொள்வதில்லை, கூலி வருகிறதல்லவா. ஆனால் சாட்சியம் ஒரே மாதிரி இல்லை. முதல் வாரம் சிரித்துக்கொண்டே வந்தார் என்றான். அடுத்த வாரம் பாடிக்கொண்டே வந்தார் என்கிறான். என்ன பாட்டு என்றால் யோசிக்கிறான். போன வாரம் புதிதாக ஒன்று, கண்மாய்களைக் கூப்பிட்டு முடித்த பிறகு என் பெயரையும் ஒருமுறை கூப்பிட்டாராம். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? அரசி என்றா, முழுப்பெயரா? எவ்வளவு சத்தமாக? அவனுக்கு நினைவில்லை, மேலே போனால் நினைவு வரும் என்கிறான். இப்படி முரண்படும் சாட்சியத்தை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தில் போய் நிற்பது? முறையீட்டில் இன்னும் ஒரு வரி கூட எழுத முடியவில்லை.

கதவைத் திறக்கிறார்கள். யானைகள் போய்விட்டன போலிருக்கிறது. நீங்கள் முன்னால் போங்கள், எங்களுக்காக நிற்க வேண்டாம். அந்தக் கல்லருகே எங்களுக்கு நேரம் பிடிக்கும். சடையாண்டி! வாருங்கள், போகலாம். போன வாரம் எதில் விட்டோம்?